பெட்டிக்குள் இருக்கும் நூலுக்கு ஓர் ஆள் வேண்டும்

வீட்டில் சேர்ந்துபோன உல்லன் நூலை என்ன செய்வது என்று சென்ற இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். இடம் இல்லாததால் நான்கு வரியில் பதில் சொல்லிவிட்டேன். அது போதாது என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. குன்னூரில் 31 ஆண்டுகள் கைவேலை ஆசிரியையாக இருந்த எனக்கு இத்தனை வீடுகளில் இத்தனை பெட்டிகள் மூடிக் கிடப்பது வருத்தமாக இருக்கிறது. ஆகவே இம்முறை எல்லாப் பதிலும் நூலைப் பற்றித்தான்.

என் அம்மா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய தகரப் பெட்டியில் ஐந்தாறு கிலோ நூல் இருக்கிறது. எல்லா ரகமும் கலந்து கிடக்கின்றன. எதிலும் லேபிள் இல்லை. மேலாக, பாதி பின்னிய நீல ஸ்வெட்டர் ஒன்று ஊசியோடு அப்படியே இருக்கிறது. எனக்குக் கொக்கியால் பின்னும் குரோஷா மட்டும் ஓரளவு வரும். பெட்டியைத் திறக்கவே கை வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது? — வாசகி, திருச்சி

அந்த நீல ஸ்வெட்டரிலிருந்து தொடங்குங்கள். அதைத் தள்ளிப்போட முடியாது. ஊசி பழைய எஃகாக இருந்தால் துரு பிடிக்கும். துருக்கறை நூலை விட்டு எளிதில் போகாது. வேறு நிறப் பருத்தி நூலை மழுங்கிய முனையுள்ள கம்பளி ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஒவ்வொன்றாக அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஊசியை உருவிவிடலாம். ஒரு கண்ணியும் அவிழாது.

ஊசியின் தலையில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நம் அம்மாக்கள் பயன்படுத்தியது பழைய ஆங்கிலேய அளவு. அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25 மில்லிமீட்டர். அந்த எண்ணையும், பின்னிய துண்டின் அகலத்தையும், கண்ணிகளின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதித் துண்டோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பின்னத் தெரிந்த ஒருவரிடம் இந்த மூன்றையும் கொடுத்தால் அவரால் தொடர முடியும். அகலத்தைக் கொண்டு அது யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் நீங்கள் ஊகித்துவிடலாம்.

தொடர ஆள் கிடைக்கவில்லை என்றால், கண்ணிகளை அடைத்து அந்தத் துண்டை ஒரு சிறு தலையணைக்கு உறையாக்குங்கள். பெட்டியில் உள்ள மற்ற எதை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் பிரிக்காதீர்கள். என் மாமியார் ஒரு கை மட்டும் முடித்த பழுப்பு ஸ்வெட்டரை விட்டுச் சென்றார். இன்னொரு கையை நான் பின்னினேன். அவருடைய பின்னல் இறுக்கம், என்னுடையது தளர்வு. அதனால் என் பக்கத்துக் கை ஒரு விரல் அகலம் கூடிவிட்டது. என் மகன் அதைக் கல்லூரி முடியும் வரை போட்டான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது யார் பின்னிய கை என்று சொல்லிவிடலாம்.

இனி மற்ற நூல். எல்லாரும் முதலில் நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. முதலில் ரகம் பிரியுங்கள். ஒவ்வொரு நூல்கண்டிலிருந்தும் விரல் நீளம் வெட்டி, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேல் இடுக்கியால் பிடித்து, தீக்குச்சியால் பற்றவையுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், மின்விசிறியும் வேண்டாம். ஆட்டுக் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். பருத்தி, காகிதம் எரிவதுபோல மணக்கும். செயற்கை இழையான அக்ரிலிக் உருகிச் சொட்டி, கறுப்பாகக் கெட்டிப்படும். கடையில் 'உல்லன்' என்று நாம் கேட்டு வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். ஆகவே அம்மாவின் பெட்டியில் உண்மையான கம்பளி கொஞ்சமாகவே இருக்கக்கூடும். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது தடிமன். ஓர் அடிக்கோலில் நூலை இழுக்காமல் பக்கம் பக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். 9, 10 வந்தால் தடித்த நூல். 11 முதல் 14 வரை நடுத்தரம். அதற்கு மேல் மெல்லியது. பிறகு சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, ரகம், தடிமன், எடை மூன்றையும் எழுதிச் செருகுங்கள். நடுத்தர நூலில் ஒரு குழந்தைக் குல்லாவுக்கு 30 கிராம் போதும். மப்ளருக்கு 150 கிராம் வேண்டும். பெரியவர்களின் முழுக்கை ஸ்வெட்டருக்கு 500 கிராமாவது தேவை. எடை தெரிந்த அன்றைக்கே எது எதுவாகும் என்பது பாதி முடிவாகிவிடும்.

திருச்சி வெயிலில் உல்லனை யார் போடுவார்கள் என்று யோசிப்பீர்கள். உங்கள் தெருவில் இரவுக் காவலர் ஒருவர் இருப்பார். மார்கழிப் பனியில் துண்டால் காதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் மப்ளர் அவருக்குப் போகட்டும். இரட்டைக் குரோஷாவில் 25 கண்ணி அகலம், ஓர் ஆள் உயரம். உங்களுக்குத் தெரிந்த வேலையே போதும்.

மிச்ச நூல்களில் சதுரம் சதுரமாகப் பின்னிப் போர்வை செய்கிறேன். 40 சதுரம் முடிந்துவிட்டது. இணைத்துப் பார்த்தால் ஓரம் அலை அலையாக வருகிறது, நடுவில் குழி விழுகிறது. எங்கே தவறு? — வாசகி, ஈரோடு

எல்லாச் சதுரத்துக்கும் ஒரே எண்ணிக்கைச் சுற்று போட்டிருக்கிறீர்கள். தடித்த நூலில் ஐந்து சுற்று போட்டால் வரும் அளவும், மெல்லிய நூலில் ஐந்து சுற்று போட்டால் வரும் அளவும் ஒன்றல்ல. பெரியதைச் சிறியதோடு இழுத்துத் தைக்கும்போது பெரியது நெளிகிறது, சிறியது குழிகிறது.

15 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஓர் அட்டைச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். இனி சுற்றுகளை எண்ண வேண்டாம். அட்டையைத் தொட்டதும் நிறுத்துங்கள். மெல்லிய நூலை இரண்டு இழை சேர்த்துப் பின்னுங்கள். ஏற்கெனவே முடித்த 40-ஐ அட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். சிறியதற்கு ஒரு சுற்று கூட்டலாம். பெரியதில் ஒரு சுற்றைப் பிரிக்கலாம். கடைசிச் சுற்று மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே நூலாக, ஒரே நிறமாக இருக்கட்டும். அதற்கான நூலை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மொத்த எடையில் நான்கில் ஒரு பங்காவது வேண்டியிருக்கும். கடைசியில் அது தீர்ந்துபோய் அதே நிறம் தேடிக் கடை கடையாக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேறொரு தடவை சாயமேற்றிய தொகுதியில் வந்த நூல் பக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகள் அதில் ஒன்றாகச் சேர்ந்தன. எத்தனையோ கைகள், எத்தனையோ இறுக்கங்கள்! முன்கூட்டியே வகுத்த அளவு இல்லாமல் அது நடந்திருக்குமா?

இன்னொன்று. ஆட்டுக் கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். வெந்நீர் பட்டுத் தேய்த்தால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும், அக்ரிலிக் அப்படியே இருக்கும். முதல் சலவையிலேயே இவ்வளவு உழைப்பும் கோணிக்கொள்ளும்.

கணவர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மிச்சமான பருத்தி நூல் கோன்களை எடைக்கு வாங்கி வந்தார். 30-ஆம் நம்பர் என்கிறார். ஏழு கோன்கள் இருக்கின்றன. தலைமுடிபோல மெலிதாக இருக்கிறது. இதில் குரோஷா போட முடியுமா? — வாசகி, திருப்பூர்

முடியும். நல்ல நூலை விலைக்கு வாங்குகிறவர்கள் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

'30-ஆம் நம்பர்' என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு) 30 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை வரும் என்று பொருள். கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 50 மீட்டர். கையால் பின்னும் மெல்லிய நூல் கிராமுக்கு 4 மீட்டர் அளவில் இருக்கும்; நடுத்தர நூல் இரண்டரை மீட்டர். ஆகவே 12 இழை சேர்த்தால் மெல்லிய நூல், 20 இழை சேர்த்தால் நடுத்தர நூல் கிடைக்கும்.

பன்னிரண்டு இழையை ஒன்றாகப் பிடித்துப் பின்னினால் கொக்கி நடுவில் புகுந்து இரண்டு இழையை விட்டுவிடும். அதனால் முறுக்கிக்கொள்வது நல்லது. நூல் நூற்கும் பழைய தக்களி வீட்டில் இருந்தால் இப்போது அதற்கு வேலை வந்துவிட்டது. நான்கு கோன்களிலிருந்து நான்கு இழையை எடுத்துச் சேர்த்துச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றிய மூன்றை மீண்டும் ஒன்றாக்கித் தக்களியில் முறுக்குங்கள். தனி இழை எந்தப் பக்கம் முறுக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டும். ஒரே பக்கம் சுழற்றினால் நூல் துள்ளிச் சுருண்டு உங்களைப் படாதபாடு படுத்தும்.

பின்னுவதற்கு முன் ஒரு சலவை கட்டாயம். இயந்திரப் பின்னலுக்கு வரும் நூலில் வழுக்குவதற்காக மெழுகு பூசியிருப்பார்கள். சாயமிடாத கோரா நூலாக இருந்தால் பருத்தியின் இயற்கை மெழுகும் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட நூல் தண்ணீரை உறிஞ்சாது. முறுக்கிய நூலைச் சிட்டமாகச் சுற்றி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சோப்புப்பொடி கலந்த நீரில் அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள். சாயமிட்ட நூலுக்குக் கொதி வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும். சிட்டம் காய்ந்ததும் கண்டு சுற்றிப் பின்னலாம்.

பாத்திரம் துடைக்கும் துணி, குளியலுக்குத் தேய்ப்பான், சந்தைக்குக் கொண்டுபோகும் வலைப்பை எல்லாம் இதில் அருமையாக வரும். சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணியைப் பருத்தியில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். அக்ரிலிக் பிடிதுணி உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டியின் மர அலமாரியில் இருபதுக்கும் மேற்பட்ட வெள்ளை நூல் உருண்டைகள் இருந்தன. மிக மெல்லியவை, சில மஞ்சள் பூத்திருக்கின்றன. என் பேத்திக்கு ஞானஸ்நானம் வருகிறது. இந்த நூலில் ஏதாவது செய்ய ஆசை. — வாசகி, நாகர்கோவில்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட். அவருடைய மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கும் லேஸ் பள்ளி வந்தது. அவர்கள் கற்பித்தது குரோஷா இல்லை. கெட்டியான தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் முறை.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்த அலமாரியில் வரிசையாகத் துளை போட்ட அட்டையோ, விரல் நீள மரக்கட்டைகளோ இருந்தால் தயவுசெய்து தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அவை பாட்டியின் தொழிற்கருவிகளாக இருக்கலாம்.

நூலைப் பொறுத்தவரை, ஒரு முழம் எடுத்து இரு கையாலும் சுண்டி இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் மேல்சுற்றுகளை உரித்துவிட்டு உள்ளே பாருங்கள். காற்றும் வெளிச்சமும் படாத உள்நூல் உறுதியாக இருக்கக்கூடும். மஞ்சள் பூத்ததைச் சிட்டமாக்கிச் சோப்பு நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு வெயிலில் போட்டால் வெளுக்கும். எதற்கும் ஒரு துண்டில் சோதித்த பிறகு செய்யுங்கள்.

முழு உடையை இந்த நூலில் பின்ன முயல வேண்டாம். நாளும் போதாது, கண்ணும் போதாது. மெல்லிய பருத்தித் துணியில் கவுன் தைத்து, கழுத்துக்கும் கைக்கும் கீழ் ஓரத்துக்கும் மட்டும் 1 மில்லிமீட்டர் கொக்கியால் லேஸ் ஓரம் போடுங்கள். கழுத்தில் நாடா வேண்டாம், குழந்தைக்கு இறுகும். பாட்டியின் நூல் ஐந்தாம் தலைமுறையின் மேல் இருக்கும்.

பெட்டியில் நூலைப் பூச்சி அரித்துவிடுகிறது. பாச்சை உருண்டை போடலாமா? — வாசகி, தாம்பரம்

1988-இல் எனக்கு 800 கிராம் கம்பளி நூல் கிடைத்தது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் ஓர் ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மெல்லிய கம்பளி தரும் 'நீலகிரி' இன ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். அந்த இனத்து ஆட்டின் கம்பளியைக் கையால் நூற்று ஒருவர் எனக்குக் கொடுத்தார். சாயம் போடாத, பால்கோவா நிறம். இதை வீணாக்கக் கூடாது, என் கணவர் ஓய்வுபெறும்போது ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்க வேண்டும் என்று துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். சாதாரண நூலில் எல்லாருக்கும் பின்னிக்கொண்டே இருந்தேன். 2003-இல் எடுத்தபோது கண்டு கையிலேயே உதிர்ந்தது. அந்துப்பூச்சியின் புழு உள்வரை தின்றிருந்தது. தேறியது 90 கிராம். அதில் அவருக்கு ஒரு குல்லா பின்னினேன். குளிர்காலம் முழுவதும் அதையே போட்டுக்கொண்டார். ஸ்வெட்டர் இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் பெட்டியில் எதை அரித்திருக்கிறது என்று பாருங்கள். அந்துப்பூச்சியின் புழு தேடுவது ஆட்டுக் கம்பளி, பட்டு போன்றவற்றை. சுத்தமான அக்ரிலிக்கை அது சீந்தாது. கஞ்சி போட்ட பருத்தியை அரித்திருந்தால் அது இராமபாணப் பூச்சியாக இருக்கும்.

அரிபட்ட கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் நூலில் ஈரம் கோக்கும். பிறகு உதறி வெயில் காட்டி, மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். வேப்பிலையும் வசம்பும் பூச்சியை அண்டவிடாமல் ஓரளவு தடுக்கலாம். உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். பாச்சை உருண்டை வேண்டாம். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எனக்கும் வீட்டாருக்கும் வேண்டியதெல்லாம் பின்னி முடித்துவிட்டேன். இன்னும் மூன்று கிலோ இருக்கிறது. யாருக்காவது பயன்பட வேண்டும். — வாசகி, புதுச்சேரி

பின்னுவதற்கு முன் கேளுங்கள். இதுதான் நான் முதலில் சொல்வது. அன்போடு பின்னிய 50 குல்லாக்களை ஒரு மருத்துவமனையில் வாங்க மறுத்ததால் அழுத பெண்ணை எனக்குத் தெரியும். நூல் முரடு, அளவு பெரிது. பச்சிளங்குழந்தைகள் பிரிவின் செவிலியரிடம் ஒரே ஒரு குல்லாவைக் காட்டி, அளவும் நூலும் சரிதானா என்று கேட்ட பிறகு மற்றதைத் தொடங்குங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தை தலை வழியாக நிறைய வெப்பத்தை இழக்கும். அதனால் அவர்களுக்குக் குல்லா உண்மையாகவே தேவை. மிருதுவான நூலாக இருக்கட்டும். மயிர் சிலிர்த்த நூல், பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம்.

பாச்சை உருண்டையோடு இருந்த நூலைக் குழந்தைக்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

மென்மையான பருத்தி நூல் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்ட பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள, நூலால் பின்னிய செயற்கை மார்பகம். உள்ளே பஞ்சிழை அடைத்தது, எடை குறைவு, துவைத்துக்கொள்ளலாம். இதைப் பின்னி இலவசமாகத் தரும் பெண்கள் குழுக்கள் இந்தியாவிலும் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனையில் விசாரியுங்கள். உள்ளங்கை அளவு வேலைதான். ஒரு பெண் மீண்டும் தயக்கமில்லாமல் வெளியே போவாள்.

வீட்டில் நான்கு பை நூல் இருக்கும்போது புது நூல் வாங்கலாமா? — வாசகி, சேலம்

இருப்பதை முடிக்க ஒரு கண்டு குறைகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். தள்ளுபடி என்பதற்காக வாங்காதீர்கள்.

பாட்டி வெட்டிப்போடும் துண்டு நூல்களை ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் குட்டிக் குட்டி. என்ன செய்யலாம்? — எட்டாம் வகுப்பு மாணவி, அரியலூர்

சேர்த்து வைத்தாயே, மகளே, அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். ஒரு முழத்துக்கு மேல் உள்ளதைத் தனியே எடு. அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு உருண்டையாகச் சுற்றிக்கொள். முடிச்சின் வால்கள் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அட்டையில் மூன்று விரல் அகலத்துக்கு நூறு சுற்று சுற்றி, உருவி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரு பக்க வளையங்களையும் வெட்டினால் பூப்பந்து வரும். பள்ளிப் பையில் தொங்கவிடலாம். முழத்துக்குக் குறைந்த துண்டுகள் துணிப் பொம்மைக்குள் அடைக்க உதவும்.

குருவி கூடு கட்டும் என்று நினைத்து நூலை மட்டும் மரத்தில் போடாதே. குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் அதால் விடுவித்துக்கொள்ள முடியாது; கால் வீங்கிச் செத்துப்போகும். தென்னை நார் கிடந்தால் குருவி தானே எடுத்துக்கொள்ளும்.

பூப்பந்தின் வளையத்தை வெட்டும்போது பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள். முதல் பந்தை அவருடைய கண்ணாடிக் கூட்டில் கட்டிவிடு, தேடாமல் கிடைக்கும்.